வாசகர் கேள்வி–பதில்: ஷெட்லாந்தின் பிந்திய இலையுதிர்காலப் பறவைகள்

ஸ்காட்லாந்துக்கு வடகிழக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் தென்படும் அரிய பறவைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஷெட்லாந்தில் காடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்று படித்தேன். அப்படியானால் காட்டில் வாழும் சைபீரியக் குருவிகள் அங்கே போய் இறங்குவானேன்?

காடு இல்லாததால்தான் அவை நம் கண்ணில் படுகின்றன என்று சொன்னால் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி உண்மை. 60 பாகை வட அட்சரேகையை ஒட்டி ஏறத்தாழ நூறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் ஷெட்லாந்தில் மக்கள் வாழ்வது 16 தீவுகளில் மட்டுமே. நார்வேயின் மேற்குக் கரைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. இரவில் அந்தக் கடலுக்கு மேலே பறக்கும்போது எதிர்க்காற்றிலோ மழையிலோ மூடுபனியிலோ சிக்கிய பறவைக்கு விடிந்ததும் தெரிகிற முதல் நிலம் எதுவோ அதுவே புகலிடம். மரம் இருக்கிறதா என்று பார்த்து இறங்கும் வசதி அதற்கு இல்லை.

இறங்கிய பிறகு ஒதுங்குவதற்கும் இடம் குறைவு. வீட்டுத் தோட்டங்களில் காற்றுக்கு வளைந்து நிற்கும் சில சிக்கமோர் மரங்கள், கல் சுவர் சூழ்ந்த கீரைப் பாத்திகள், அறுவடையாகாமல் நிற்கும் ஓட்ஸ் கீற்றுகள், உள்ளூரில் 'கியோ' என்று வழங்கும் ஒடுங்கிய பாறை இடுக்குகள், இவ்வளவுதான். பெருநிலத்துக் காடொன்றில் இறங்கியிருந்தால் எவருக்கும் தெரியாமல் போயிருக்கக்கூடிய ஆறு கிராம் எடையுள்ள பறவை, இங்கே ஒரே ஒரு புதரில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு இதைவிடச் சாதகமான நிலம் அமைவது கடினம்.

மற்றொரு காரணமும் உண்டு: பார்க்கிறவர்கள் அங்கே நீண்ட காலமாக இருக்கிறார்கள். ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில் தனித்து நிற்கும் ஃபேர் தீவின் நீளம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. வில்லியம் ஈகிள் கிளார்க் என்ற அறிஞர் 1905-ஆம் ஆண்டிலேயே அங்கு சென்று வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட ஜார்ஜ் வாட்டர்ஸ்டன், அந்தத் தீவில் ஒரு பறவை ஆய்வகம் அமைக்க வேண்டும் என்று முகாமுக்குள் இருந்தபடியே திட்டமிட்டார். நோயுற்றதால் 1943-இல் விடுவிக்கப்பட்டுக் கப்பலில் திரும்பியபோது, ஸ்காட்லாந்து மண்ணில் அவர் கண்ணில் முதலில் பட்டது அதே ஃபேர் தீவுதான் என்பது பறவை ஆர்வலர்கள் இன்றும் விரும்பிச் சொல்லும் செய்தி. 1948-இல் ஆய்வகம் தொடங்கியது. 1954-இல் தீவு ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளைக்குக் கைமாறியது. 2019 மார்ச்சில் ஆய்வகக் கட்டடம் தீக்கிரையாயிற்று. இச்சிறு தீவில் இதுவரை 380-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஆயினும் இத்தகைய எண்ணிக்கைகள் பறவைகளின் வரவோடு மனிதரின் விடாப்பிடியையும் சேர்த்தே அளக்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

கேள்வி: தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய பறவை வடமேற்கு ஐரோப்பாவுக்கு வருவது எப்படி? அவை வழி தவறியவை என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிடலாம் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 'வழி தவறியது' என்பது கரையில் நிற்கும் நமக்கு வசதியான சொல். அதை அவ்வளவு விரைவாகப் பயன்படுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. மஞ்சள் புருவக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்வோம். யூரல் மலைக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் தைகா காட்டில் கூடு கட்டி, குளிர்காலத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் கழிக்கும் இனம் அது. முதல் இலையுதிர்காலத்தில் புறப்படும் குஞ்சுக்குத் தாய் தந்தையர் வழிகாட்டுவதில்லை. இந்தத் திசையில், இத்தனை நாள் பற என்ற கட்டளை பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அந்தத் திசை 180 பாகை புரண்டுவிட்டால் தென்கிழக்கே போக வேண்டியது வடமேற்கே கிளம்பும்; அந்தக் கோட்டை உலக உருண்டையின் மேல் நீட்டினால் அது மேற்கு ஐரோப்பாவை வந்தடையும். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ஜன் ராபோல் 1969-இல் சைபீரியக் கதிர்க்குருவிகளை வைத்து முன்வைத்த இந்த 'எதிர்த்திசை வலசை' விளக்கம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

அதன் பலவீனத்தை 2003-இல் ஜேம்ஸ் கில்ராயும் அலெக்சாண்டர் லீஸும் சுட்டிக்காட்டினார்கள். பறவைகள் தவறான எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகக்கூடும். பார்ப்பவர்கள் நெருக்கமாக உள்ள மேற்கு ஐரோப்பாவில் வந்தவை மட்டுமே பதிவாவதால், எல்லாம் ஒரே திசையில் வருவது போன்ற தோற்றம் நமக்கு ஏற்படலாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மேலும், இப்படி வருபவற்றுள் சில பிழையாகவே வரவில்லை, புதிய குளிர்கால இடங்களை நோக்கி உருவாகிவரும் பாதைகளின் முன்னோடிகளாக இருக்கலாம் என்ற எண்ணமும் எழுந்தது. அதற்கு வலுவான சான்று 2021-இல் கிடைத்தது. தெற்கு பிரான்சில் குளிர்காலத்தைக் கழிக்கும் ரிச்சர்ட் நெட்டைக்காலிகளின் முதுகில் ஒளியை அளக்கும் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, அவை வசந்தத்தில் சைபீரியாவுக்குச் சென்று, மறு குளிர்காலத்தில் அதே பிரான்சுக்குத் திரும்பி வருவது தெரிந்தது. ஆண்டுதோறும் போய்வரும் ஒன்றை வழி தவறியது என்று எப்படிச் சொல்வது?

எனினும், ஒரு நெட்டைக்காலிக்குப் பொருந்துவது எல்லாக் கதிர்க்குருவிகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஷெட்லாந்துக்கு வரும் சைபீரியப் பறவைகளில் பெரும்பாலானவை அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள். அவற்றில் பல அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. அனுபவமின்மை, பிறவித் திசையில் ஏற்படும் பிசகு, அந்த வாரத்துக் காற்று ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்துதான் ஒரு பறவையைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. புவிக்காந்தப் புலத்தில் ஏற்படும் குழப்பமும் இதில் பங்கு வகிக்கிறது என்பதை வட அமெரிக்கப் பறவைகளின் கால்வளையப் பதிவுகளை அலசிய 2023-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி: செப்டம்பரில் வருபவைக்கும் நவம்பரில் வருபவைக்கும் வேறுபாடு உண்டா? நாட்காட்டியைப் பார்த்தே பறவையை ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும். அனுபவமுள்ளவர்கள் முதலில் கேட்பது நிறத்தை அல்ல, தேதியைத்தான். செப்டம்பர் இறுதியில் கல் சுவரின் அடியில் எலியைப் போல ஓடி ஒளியும் ஈட்டிக்கோட்டுக் கதிர்க்குருவியைத் தேட வேண்டிய காலம். மேற்கு ஐரோப்பாவில் அதைக் காண ஃபேர் தீவுக்கு இணையான இடம் இல்லை. அக்டோபரில் ராடே கதிர்க்குருவி, மங்கல் கதிர்க்குருவி, செவ்விலா நீலவாலி போன்றவை வரும். மங்கல் கதிர்க்குருவி பிரித்தானியாவில் முதன்முதலாகப் பதிவானது 1913 அக்டோபரில், ஆர்க்னியைச் சேர்ந்த ஆஸ்கெரி என்ற சிறு தீவில்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை பல்லாஸ் கதிர்க்குருவியின் முறை. ஒன்பது சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்பறவை, தலையிலும் சிறகிலும் மஞ்சள் கோடுகளோடு, கிளை நுனியில் அந்தரத்தில் நின்று பூச்சி பிடிக்கும்போது இடுப்பில் எலுமிச்சை நிறப் பட்டை பளிச்சென்று தெரியும். 1768 முதல் 1774 வரை சைபீரியாவைச் சுற்றி ஆராய்ந்த பீட்டர் சைமன் பல்லாஸின் பெயரைத் தாங்கிய இது, 1896-இல்தான் நார்ஃபோக் கரையில் பிரித்தானியாவின் முதல் பதிவாயிற்று.

நவம்பரில் மஞ்சள் புருவக் கதிர்க்குருவி போல் ஒன்று தென்பட்டால், சற்றே மங்கலாகவும் சாம்பல் சாயலோடும் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஏனெனில் அது ஹ்யூம் கதிர்க்குருவியாக இருக்கலாம். மத்திய ஆசிய மலைகளில் கூடு கட்டி வட இந்தியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இதற்கு, காங்கிரஸ் கட்சியின் தோற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவராக நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமின் பெயர் இடப்பட்டது. அவர் பறவையியலில் அதற்குச் சற்றும் குறையாத இடம் உடையவர் என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. இந்த இரு இனங்களையும் இறகை வைத்துப் பிரிப்பதைவிடக் குரலை வைத்துப் பிரிப்பதே நம்பகமானது.

காலம் கடந்து தென்படும் 'சாதாரண'ப் பறவையையும் சந்தேகிக்க வேண்டும். பிரித்தானியாவின் உழவாரன்களில் பெரும்பாலானவை ஆகஸ்டிலேயே புறப்பட்டுவிடுகின்றன. ஆகவே நவம்பர் வானில் ஒன்று பறந்தால், அது தெற்கத்திக் காற்றோடு ஏறி வந்த வெளிர் உழவாரனா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள்.

கேள்வி: ஐந்து கிராம் எடையுள்ள குருவி வட கடலைக் கடக்கும் என்பதை நம்ப முடியவில்லை. பெரிய பறவையின் முதுகில் ஏறி வருகிறது என்று எங்கோ படித்தது உண்மையா?

உண்மையில்லை, ஆனால் அந்த நம்பிக்கை தோன்றியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. உச்சியில் பொன்னிறக் கோடு உடைய கோல்ட்கிரெஸ்ட் என்னும் குருவியின் எடை ஐந்து முதல் ஆறு கிராம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து அது ஆயிரக்கணக்கில் வட கடலைக் கடந்து வந்து, கரையோரப் புல்லில் நடக்கக்கூடத் தெம்பின்றி ஒதுங்கும். அப்போது மனிதரின் காலடிக்கு அருகிலேயே பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து, நவம்பர்ப் பௌர்ணமியை ஒட்டி, வுட்காக் என்னும் காட்டு உள்ளான்கள் வந்து இறங்கும். இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கண்ட கிழக்குக் கரை மக்கள், சின்னது பெரியதின் முதுகில் சவாரி செய்து வருகிறது என்றும், அதற்கு வழிகாட்டி வருகிறது என்றும் கருதி, கோல்ட்கிரெஸ்டை 'வுட்காக்கின் மாலுமி' என்றே அழைத்தார்கள். இரண்டும் ஒரே விதமான காற்றுக்காகக் காத்திருக்கின்றன என்பதுதான் உண்மை.

இக்குருவியை அரிய பறவை தேடுவோர் அலட்சியம் செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது பிழை. கோல்ட்கிரெஸ்டும் ரெட்விங் என்னும் பூங்குருவியும் திரளாக வந்திறங்கிய காலைதான் பல்லாஸ் கதிர்க்குருவியும் வந்திறங்கும் காலை. கூட்டத்தைப் பார்க்கக் கற்காதவருக்குக் கூட்டத்தில் ஒளிந்திருப்பது புலப்படாது.

கேள்வி: 2016-இல் ஏதோ ஒரு சிறு பறவையைக் காண ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்களாமே?

அது சைபீரிய அக்சென்டார். முகத்தில் கறுப்பு முகமூடியும் அதற்கு மேலும் கீழும் காவி கலந்த மஞ்சளும் உடைய, சிட்டுக்குருவி அளவேயான பறவை. யூரலிலிருந்து கிழக்கே ருஷ்யாவின் வட பகுதிகளில் கூடு கட்டி, கிழக்குச் சீனத்திலும் கொரியாவிலும் குளிர்காலத்தைக் கழிப்பது. அதுவரை ஐரோப்பா முழுவதிலும் ஏறத்தாழ முப்பது முறைதான் அது பதிவாகியிருந்தது. பிரித்தானியாவில் ஒன்றுகூட இல்லை. 2016 அக்டோபர் 9 அன்று ஷெட்லாந்தின் தெற்குப் பகுதியில், ஸ்கௌஸ்பரோவுக்கு அருகே ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. விமானத்தில் வரும் வசதி உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். மற்றவர்கள் வாய்ப்பு போயிற்றே என்று வருந்திக்கொண்டிருக்கையில், நான்கு நாள் கழித்து யார்க்‌ஷயர் கரையில் ஈசிங்டன் என்ற ஊரில், எரிவாயு நிலையத்தை ஒட்டிய பழைய பள்ளிக் கட்டடத்தின் பாசி படிந்த தரையில் இரண்டாவது பறவை இறங்கியது. சாலையோரத்தில் நீண்ட வரிசை நின்றது. சிறு சிறு குழுக்களாக மக்களை உள்ளே விட்டார்கள். பறவையோ யாரையும் பொருட்படுத்தாமல் சில கெஜ தூரத்தில் பாசியைக் கிளறிக்கொண்டிருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் ஐரோப்பாவில் பதிவான சைபீரிய அக்சென்டார்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. பெரும்பாலானவை ஸ்வீடனிலும் பின்லாந்திலும். ஸ்காண்டிநேவியாவுக்கு மேல் உயர் காற்றழுத்தம் பல நாள் அசையாமல் நின்றது. அதன் தெற்கு விளிம்பில் ருஷ்யாவிலிருந்து வட கடல் வரை கிழக்குக் காற்று தொடர்ந்து வீசிக்கொண்டே இருந்தது. வடமேற்கு ஐரோப்பாவின் பறவை ஆர்வலர்கள் அக்டோபரில் வானிலை வரைபடத்தில் தேடுவது இந்த அமைப்பைத்தான். ஆனால் காற்று மட்டுமே காரணமாக இருக்க முடியாது; கிழக்குக் காற்று வேறு ஆண்டுகளிலும் வீசியதுண்டு, இந்தப் பறவை வந்ததில்லை. புறப்பட்ட இடத்திலேயே வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒன்று நேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: கண்டதாகச் சொல்பவரின் சொல்லை யார் சரிபார்ப்பது?

1959 முதல் இயங்கும் பிரித்தானிய அரிய பறவைகள் குழு சரிபார்க்கிறது. அதன் உறுப்பினர் பதின்மர் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே வாக்களிக்கிறார்கள். 'பத்து அரிய மனிதர்கள்' என்ற செல்லப் பெயரில் சிறிது கிண்டலும் கலந்திருக்கிறது. நாட்டுக்கே புதிய இனம் என்றால் பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியத்தின் பதிவுக் குழுவும் ஆராய்ந்த பிறகே 600-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட தேசியப் பட்டியலில் அது சேர்க்கப்படும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹேஸ்டிங்ஸ் விவகாரத்தை நினைவூட்டலாம்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் இங்கிலாந்தின் அந்த வட்டாரத்திலிருந்து வந்து குவிந்த அரிய பறவைப் பதிவுகள் நம்பத்தக்கவையல்ல என்று 1962-இல் மொத்தமாக நிராகரிக்கப்பட்டன.

இன்று புகைப்படம் பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடுகிறது. தீராத இடத்தில் பறவையின் எச்சம் உதவுகிறது. கண்ணால் பிரிக்க இயலாத கிழக்கத்திய கல்லுக்குருவி வகைகளின் எச்சத்தைச் சேகரித்து அபர்டீன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, மரபணு வழியாக இனத்தை உறுதி செய்திருக்கிறார்கள். பறவையைப் பிடிக்கவும் வேண்டாம், துன்புறுத்தவும் வேண்டாம். அது எழுந்து போன கம்பத்தைச் சுரண்டினால் போதும்.

கேள்வி: வாக்ஸ்விங், லிட்டில் ஆக் ஆகியவையும் அரிய பறவைகள்தாமே?

அல்ல, சில ஆண்டுகளில் மட்டும் பெருந்திரளாக வருபவை. சிறகு நுனியில் அரக்கு உருகிச் சொட்டியது போன்ற சிவப்புத் துளிகள் கொண்ட வாக்ஸ்விங், வட ஐரோப்பாவில் ரோவன் பழம் பொய்த்துப்போன ஆண்டில் கடல் கடந்து வரும். 2023–24 குளிர்காலத்தில் அத்தகைய பெருவரவு நிகழ்ந்தது. பழம் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் என்பதால், பல்பொருள் அங்காடிகளின் வாகன நிறுத்துமிடங்களில் அழகுக்காக நட்ட மரங்களிலேயே இதை எளிதில் காணலாம்.

லிட்டில் ஆக் ஆர்க்டிக் கரைகளில் கோடிக்கணக்கில் கூடு கட்டும் சிறு கடற்பறவை. நவம்பரில் வடக்கிலிருந்து புயல் வீசினால் வட கடலுக்குள் தள்ளப்பட்டுக் கரையோரமாகக் கடந்து போகும். 2007 நவம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளைக் கடந்தவை ஒரே நாளில் 28,000-க்கும் மேல்.

கேள்வி: ஒரு வாரம் மட்டுமே செல்ல முடியும். எப்போது செல்வது, எப்படிப் பார்ப்பது?

இனங்களின் எண்ணிக்கையே குறி என்றால் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் பாதியும் சிறந்தவை. கூட்டம் வேண்டாம், எதுவும் வராமல் போனாலும் வருத்தமில்லை என்பவர் அக்டோபர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். என் விருப்பம் அதுதான். அப்போது பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருக்கும். நவம்பர் நடுவில் ஏழு மணி நேரம் சொச்சமாகக் குறைந்துவிடும். அபர்டீனிலிருந்து மாலையில் புறப்படும் கப்பல் மறுநாள் காலை லெர்விக்கை அடையும். விமானம் இறங்கும் சம்பர்க் முனையே நல்ல பறவைப் பகுதி.

காற்றின் திசையை நாள்தோறும் கவனியுங்கள். கிழக்கு அல்லது தென்கிழக்குக் காற்று வீசி, அதோடு மழையும் சேர்ந்தால் மறுநாள் விடியலில் வெளியே இருங்கள். மேற்குக் காற்று வலுத்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். அட்லாண்டிக்கைக் கடந்த அமெரிக்கப் பறவைகள் அப்போது வரலாம். 2013 அக்டோபரில் அன்ஸ்ட் தீவின் பால்ட்டாசவுண்டில் இறங்கிய கேப் மே கதிர்க்குருவி பிரித்தானியாவுக்கு இரண்டாவது பதிவு; முதலாவது 1977-இல் பெய்ஸ்லியில். எந்தக் காற்றானாலும் தோட்டத்தின் காற்றுமறைவான பக்கத்தில் நின்று, நடமாடாமல் கால் மணி நேரம் காத்திருப்பது, பத்துத் தோட்டங்களைச் சுற்றி ஓடுவதைவிடப் பலன் தரும்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்தவெளி நிலங்களில் பொறுப்போடு நடமாடும் உரிமை எல்லோருக்கும் உண்டு; வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்கு அது பொருந்தாது. ஷெட்லாந்தில் மரம் இருப்பதோ தோட்டத்தில்தான். ஆகவே கதவைத் தட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுப்பதில்லை, சில வீடுகளில், நேற்று மாலை சிக்கமோரின் கீழ்க்கிளையில் சின்னதாக ஒன்று இருந்தது, அது இன்னும் இருக்கிறதா பாருங்கள் என்று அவர்களே வழிகாட்டுவார்கள்.